வுழூவின் நீரும் வளவின் கீரையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பம் செய்கின்றேன்.



மதீனா நகரிலே ஒரு பெண்மணி வாழ்ந்தார். தமது வயலின் நீரோடை வரம்பிலே ‘ஸில்க்’ எனப்படும் ஒருவகைக் கீரையை அவர் நட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் அக்கீரையைக் கிழங்கோடு பிடுங்கிப் பானையிலிட்டு, அரைத்த வாற்கோதுமையில் ஒரு பிடியை அதன் மேல் தூவிச் சமைப்பார். ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு திரும்பும் நபித்தோழர்கள் அவருக்கு ஸலாம் கூறுவர். அவரும் அந்த உணவை அவர்கள் முன் எடுத்து வைப்பார். அதிலே இறைச்சி இல்லை, கொழுப்பும் இல்லை. ஆயினும் அந்த உணவுக்காகவே தாங்கள் வெள்ளிக்கிழமையை ஆவலுடன் எதிர்பார்த்திருந்ததாக ஸஹ்ல் இப்னு ஸஃது (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

அரபுக் கல்லூரியில் இந்த ஹதீஸை நாம் ஓதியபொழுது, ஜும்ஆவின் பின் உணவருந்துவது பற்றிய பாடமாகவே அதனை விளங்கிக்கொண்டோம். அந்தக் கீரை எங்கே நடப்பட்டிருந்தது என்பதை நான் கவனித்ததில்லை. வீட்டுத் தோட்டம் ஒன்றைச் செய்து, அது என் கண்முன்னே கருகிய பின்னரே அந்த ‘வரம்பு’ என்ற சொல் என் மனதில் தைத்தது. கீரைக்கென்று தனியே அவர் ஓர் ஓடை வெட்டியதாகச் செய்தியில் இல்லை. எப்படியும் ஓடிக்கொண்டிருந்த நீரின் ஓரத்திலே அவர் நட்டார்.

எமது திருகோணமலை மாவட்டத்திலே வீட்டுத் தோட்டம் செய்ய விரும்புபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த விதையை வாங்குவது என்பதன்று. எந்த நீரை ஊற்றுவது என்பதேயாகும். இக்கட்டுரையில் யான் கூறவிருப்பவை பெரும்பாலும் அதனைப் பற்றியவையே.

எமது வானத்தை முதலில் நோக்குங்கள். திருகோணமலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கின்றது. அது சிறிய அளவன்று. எனினும் அதன் பெரும்பகுதி ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. வாடைக் காற்றோடு வரும் அந்த மாரி மழையில் கிண்ணியாவின் ஒழுங்கைகளிலே வெள்ளம் நிற்கும். அதே ஒழுங்கையில் ஜூலை மாதத்திலே கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும். மலைநாட்டிலும் கொழும்பிலும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் அந்த மாதங்களில், மலைகளுக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, வரண்ட வெப்பக் காற்றாகவே அது எம்மை வந்தடைகின்றது.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டது. அதற்கிடையில் வயல்களும் தோட்டங்களும் அடைந்த நட்டம் அடைந்ததுதான். பின்னர் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. தம்புள்ளையிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக எமக்கு வரவேண்டிய மரக்கறி லொறி வந்தாலும், அதன் விலை ஏழைகளை எட்டவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவை ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுத்து வாங்கினோம் என்பது இதன் பொருள்.

அவ்வாண்டு ஜூன் மாதத்திலே அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கி, வீட்டுத் தோட்டம் செய்யுமாறு ஊக்குவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. நாடெங்கும் ஒரே பேச்சு. யானும் மிம்பரில் ஏறினேன். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ ஒரு மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவனுக்கு ஸதகாவாக அமைகின்றது என்ற நபிமொழியை எடுத்துக் கூறினேன். கியாமத் நாள் வந்துவிட்ட வேளையிலும் கையிலே ஒரு நாற்று இருந்து, அதனை நட்டுவிட இயலுமாயின் நட்டுவிடட்டும் என்ற அறிவிப்பையும் விளக்கினேன். மக்கள் ஆர்வத்துடன் கேட்டனர். கொழும்பில் மழை பெய்யும் மாதமல்லவா ஜூன், எமக்கு அது கச்சான் மாதமாயிற்றே என்பதை, இங்கேயே பிறந்து வளர்ந்த யான் அந்தக் குத்பாவில் ஒரு வார்த்தையேனும் சொல்லவில்லை.

சொன்னதைச் செய்ய வேண்டுமே! எமது வளவின் பின்பக்கத்தை முழுவதுமாகக் கொத்தினேன். கத்தரி, வெண்டி, மிளகாய், பயற்றங்காய், கீரை என அகப்பட்டதையெல்லாம் நட்டேன். கிணற்றிலே மின்மோட்டாரைப் பொருத்தி, மின்சாரம் இருந்த வேளையெல்லாம் குழாயால் பாய்ச்சினேன். ஜூலை முழுவதும் தோட்டம் பச்சைப்பசேலென்று நின்றது. பார்க்க வந்தவர்கள் பாராட்டினர். ஓகஸ்ட் நடுப்பகுதியிலே பயற்றை இலைகளின் ஓரங்கள் நெருப்பில் காட்டியதைப் போன்று காயத் தொடங்கின. நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் இறைத்தேன். பின்னர் வெண்டி வாடியது. ஒருநாள் மஃரிபுக்காக வாய் கொப்பளித்த பொழுதுதான் நாக்கிலே உவர் தெரிந்தது.

அதைவிடப் பெரிய செய்தி வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. அடுத்த வளவிலே கணவரை இழந்த ஒரு தாய் வசிக்கின்றார். அவருடைய கிணறு எமது கிணற்றுக்கு இருபது அடி தூரத்திலே உள்ளது. அவர் கயிறும் வாளியும் கொண்டு அள்ளுபவர். “மௌலவி, கோபிக்கப்படாது, எங்கட தண்ணியும் ரெண்டு கிழமையா உப்பாக் கிடக்கு, தேயிலைக்கு ஊத்த ஏலாமக் கிடக்கு” என்று என் உம்மாவின் மூலமாக அன்றி, நேரடியாகவே வேலியோரம் நின்று கூறினார். யான் தோட்டத்தை ஸதகா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பறவைக்கும் ஆட்டுக்கும் கொடுத்த நன்மையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், அண்டை வீட்டாரின் தேநீர்க் கோப்பையில் உப்பைக் கலந்துகொண்டிருந்தேன்.

இது எப்படி நிகழ்ந்தது என்பதைச் சற்று விளக்கமாகக் கூறுவது அவசியம். ஏனெனில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று கரையோரமாக வாழும் எம்மில் பலருக்கு இது பொருந்தும். எமது மணலுக்கடியில் நல்ல தண்ணீர் ஒரு பாறைத் தொட்டியிலே நிற்பதில்லை. மழைநீர் மணலூடாக இறங்கி, கடலிலிருந்து உள்ளே ஊறியிருக்கும் உப்பு நீரின் மேலே மிதந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது, உப்பு நீர் கனமானது. கடல் மட்டத்திற்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது நீரியல் அறிஞர்களின் கணக்கு. கணக்கின் மறுபுறம்தான் அச்சம் தருவது. மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு நீர் நாற்பது அடி மேலேற இடமுண்டு. வாளியால் அள்ளும் பொழுது ஊற்று ஆறுதலாக ஊறி நிரப்பிவிடும். மோட்டாரால் ஒரே மூச்சில் உறிஞ்சும் பொழுது, நிரப்ப வருவது கீழே உள்ள உவர் நீராகும். எமது வேலியும் உறுதிப்பத்திரமும் நிலத்திற்கு மேலே மட்டுமே செல்லுபடியாகும். மணலுக்கடியில் இரு வளவுக்கும் ஒரே நீர்தான்.

இந்தப் பாடத்தை எமது கரையோரம் ஏற்கெனவே ஒருமுறை கற்றிருந்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி சுனாமி வந்தபொழுது எனக்குப் பதின்மூன்று வயது. அலை வற்றிய பின் கிணறுகளெல்லாம் கடல் நீரால் நிறைந்திருந்தன. நல்லெண்ணத்துடன் வந்த பலரும் இயந்திரங்களைக் கொண்டு கிணறுகளை இறைத்தார்கள். இறைக்க இறைக்க உப்பே வந்தது. பின்னர் கிழக்குக் கரையிலே, குறிப்பாக மட்டக்களப்புப் பகுதியில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், அளவுக்கு மிஞ்சி இறைத்தமை உப்பைப் போக்கப் போதிய உதவி செய்யவில்லை என்றும், பருவமழையே நிலத்தைக் கழுவி நன்னீரை மீட்டது என்றும் எடுத்துக்காட்டின. என் தாயின் தாயார் அவ்வாய்வுகளை வாசித்தவரல்லர். “மழை வரட்டும், கிணத்த ஆக்கினப்படுத்தாதீங்க” என்று அவர் அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் என் காதில் இருக்கின்றது. பதினெட்டு ஆண்டுகளின் பின் அதே தவறை அவருடைய பேரனே செய்தான்.

மோட்டாரைக் கழற்றினேன். பக்கத்து வீட்டுத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். கெடுதல் செய்வதும் கெடுதலுக்குக் கெடுதல் செய்வதும் இல்லை என்பது எமது மார்க்கத்தின் பெரும் விதிகளுள் ஒன்று. அதனைப் பிறருக்குப் போதிப்பவன், முதலில் தன் கிணற்றடியில் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். அந்த மாரி மழைக்குப் பின் இரு கிணறுகளும் படிப்படியாக இனித்தன, அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு எமது வளவில் நடந்ததைத்தான் இனிக் கூறப்போகின்றேன்.

சகோதர சகோதரிகளே! நாள் தோறும் ஐந்து வேளை எமது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஓடை ஒன்று உண்டு. அது வுழூவின் நீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரிலே வுழூச் செய்வார்கள் என்று அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். முத்து என்பது நடுத்தரமான ஒருவர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு, ஏறக்குறைய முக்கால் லீற்றருக்கும் குறைந்தது. எமக்கு அந்தப் பேணுதல் வரவில்லையாயினும், குழாயைத் திறந்து விடாமல் குவளையால் அள்ளிச் செய்தால் இரண்டு லீற்றர் தாராளமாகப் போதும். எமது வீட்டில் பெரியவர்கள் நால்வர். நால்வருக்கு ஐந்து வேளை, வேளைக்கு இரண்டு லீற்றர் என்றால் நாளொன்றுக்கு 40 லீற்றர். கடும் கோடையிலே மரக்கறிப் பாத்தியின் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்குச் சுமார் ஐந்து லீற்றர் நீர் தேவைப்படும். ஆகவே வுழூ நீர் மாத்திரமே எட்டுச் சதுர மீற்றர் பாத்தியைக் கச்சான் காலத்தில் காப்பாற்றும். நான்கு பாயை விரித்த அளவு நிலம்தான் அது. சிறிது என்று தோன்றுகின்றதா? நான் 2022 இல் கொத்திய நிலம் இதனைப் போல் பத்து மடங்கு. அதில் கடைசியில் மிஞ்சியதும் இவ்வளவுதான்.

வுழூச் செய்த நீரைப் பயிருக்கு ஊற்றலாமா என்று சிலர் தயங்குவதுண்டு. எமது ஷாபிஈ மத்ஹபின்படி அந்த நீர் சுத்தமானதே. மீண்டும் அதனால் வுழூச் செய்ய முடியாது என்பது மட்டுமே சட்டம். பயிருக்கு ஊற்றுவதில் எவ்விதத் தடையுமில்லை. அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர் ஆகியனவும் பயிருக்கு நல்லவையே. சவர்க்காரம் கலந்த நீரை மட்டும் கீரைப் பாத்திக்கு விடாமல் வாழையடிக்குத் திருப்பி விடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: வுழூ நீரைப் பீப்பாவிலே தேக்குவதாயின் அதனை வலையாலோ மூடியாலோ நன்கு மூட வேண்டும். 2017 ஆம் ஆண்டு கிண்ணியாவைப் பிடித்தாட்டிய டெங்குக் காய்ச்சலை எவரும் மறந்திருக்க முடியாது. நீர் தேங்கிய சிரட்டையும் உடைந்த சட்டியும் அதற்குப் போதும். தேக்காமல் அன்றன்றே ஊற்றி முடிப்பது எல்லாவற்றிலும் மேலானது. எமது வீட்டிலே வுழூச் செய்யும் கல்லையே பாத்தியின் தலைமாட்டுக்கு மாற்றிவிட்டோம். கால் கழுவிய நீர் தானாகவே பொன்னாங்காணிக்குள் இறங்குகின்றது.

நீருக்கு அடுத்தது மண். மணல் நிலம் வாளி நீரை விழுங்கிவிட்டு மறுகணம் வெறுமையாய் நிற்கும். அதற்கு எமது ஊரில் இரண்டு மருந்துகள் உண்டு. இரண்டையும் நாம் எறிகின்றோம். ஒன்று பொச்சுமட்டை. ஒன்றரை அடி ஆழத்திற்கு நீளமாகக் குழி வெட்டி, பொச்சுமட்டைகளின் உட்புறம் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி, நன்றாக நனைத்து, மேலே மண்ணையும் பசளையையும் இட்டுப் பாத்தி அமையுங்கள். ஊற்றிய நீர் கீழே ஓடிவிடாமல் அந்த மட்டைகள் பஞ்சைப் போல் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றையது உதிர்ந்த இலை.

இலை விடயத்திலே எனது சகோதரிகளிடம் ஒரு முறைப்பாடு உண்டு. அதிகாலையில் எழுந்து, வளவின் வெண்மணலைக் கோடு விழக் கூட்டி, மாவிலையையும் வேப்பிலையையும் குவித்து நெருப்பு வைப்பது எமது பெண்களின் நெடுங்காலப் பழக்கம். துப்புரவு ஈமானின் பகுதிதான், அதை மறுப்பவன் நானல்லன். எனினும் அந்தப் புகையாய்ப் போவது, பின்னர் காசு கொடுத்துப் பையில் வாங்கும் அதே பசளையாகும். வேலியோரம் மூன்றடிக்கு மூன்றடி இடம் ஒதுக்கி, இலை ஒரு அடுக்கு, அடுப்படிக் கழிவு ஒரு அடுக்கு, சாணமோ பழைய மண்ணோ ஒரு அடுக்கு என இட்டு, நீர் தெளித்து மூடி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறி விடுங்கள். மூன்று மாதத்தில் கருமையான கூட்டெரு கிடைக்கும். கிளிரிசிடியாத் தழை கிடைத்தால் அது இன்னும் விரைவில் உக்கும். மீதி இலையைப் பாத்தியின் மேலே மூன்று விரல் கனத்திற்குப் பரப்பி மூடுங்கள். கச்சான் காற்று மண்ணைத் தொடாமல் அந்த மூட்டம் மறைக்கும்.

சாணம் என்றதும் ஒரு மார்க்க வினா எழுகின்றது. ஷாபிஈ மத்ஹபின்படி மாட்டின் சாணமும் ஆட்டின் புழுக்கையும் நஜீஸானவை. ஆயினும் அவற்றைப் பயிருக்குப் பசளையாக இடுவது கூடும். அதனால் விளைந்த காயும் கீரையும் சுத்தமானவையே. சாணம் நேரடியாக ஒட்டியிருக்கும் இடத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நஜீஸான பொருளை விற்பது மத்ஹபில் செல்லாது என்பதால், பட்டிக்காரருக்குச் சாணத்தின் விலையென்று கொடாமல், அவர் தமது உரிமையை விட்டுத் தருவதற்கும் அள்ளி ஏற்றி விடுவதற்கும் ஈடாகக் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். பச்சைச் சாணத்தை அப்படியே இட வேண்டாம். அதன் சூட்டில் நாற்று கருகும். உக்கிய பின் இடுங்கள்.

இனி, எதை, எப்பொழுது நடுவது? ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பரிலோ நிழலான இடத்தில் நாற்றுமேடை இடுங்கள். மிளகாய், கத்தரி, தக்காளி ஆகிய மூன்றுக்கும் நாற்று வேண்டும். மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எம்.ஐ. 2 என்ற மிளகாய் இனம் எமது வரண்ட வலயத்திற்கென்றே தெரிவு செய்யப்பட்டது. உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் வேறு இனங்களையும் கூறுவார். ஒக்டோபரின் முதல் மழைகள் நிலத்தை நனைத்ததும் உயர்ந்த பாத்தியில் நடுங்கள். பாத்தி உயரமில்லாவிடின் நவம்பர் அடைமழையில் வேர் அழுகிவிடும். கோடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் வெள்ளத்தை மறந்துவிடலாகாது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலோடு வந்த பெருமழையில் மகாவலி பெருக்கெடுத்த பொழுது, மூதூர்ப் பக்கத்துத் தாழ்நிலங்கள் எந்நிலை அடைந்தன என்பதை நாம் கண்டோம். தாழ்ந்த வளவுகளில் வாழ்வோர் பாத்தியை விடச் சாக்கிலும் பழைய வாளியிலும் மிளகாயை நடுவது நல்லது. தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாம்.

கடற்கரைக்கு அண்மையில் உள்ளவர்கள் வாடைக் காற்றிலே வரும் உப்புத் துவலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பக்கமாக ஒரு கிடுகு வேலி நின்றால் பாதிக் கவலை தீரும்.

புடோல், பாகல், பீர்க்கு ஆகியவற்றை மழைத் தொடக்கத்திலேயே ஊன்றிப் பந்தலில் ஏற்றுங்கள். மழை குறையும் பெப்ரவரியில், நிலத்தில் எஞ்சிய ஈரத்தை நம்பி வெண்டியும் பயற்றையும் ஒருமுறை எடுக்கலாம். மே மாதத்தின் பின் புதிதாக எதனையும் தொடங்காதீர்கள். கச்சான் காலத்துக்கென்று உள்ளவை வேறு. முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, வுழூக் கல்லடியில் பொன்னாங்காணி, வல்லாரை, இரண்டு மூன்று கத்தரிச் செடிகள். காய்த்து ஓய்ந்த கத்தரியைப் பிடுங்கி எறியாமல், நிலத்திலிருந்து ஓர் அடி விட்டு வெட்டி, அடியில் கூட்டெருவையிட்டு நீர் ஊற்றினால் மீண்டும் துளிர்த்துக் காய்க்கும். கிணற்று நீர் இலேசாக உவர்க்கும் இடங்களில் போஞ்சி, வெங்காயம் ஆகியவற்றில் ஆசை வைக்க வேண்டாம். அவை உப்பைச் சற்றும் பொறுக்கமாட்டா.

முருங்கையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆளுயரத் தடியொன்றை மழைக்காலத்தில் ஊன்றினால் போதும். அதனைப் பனையைப் போல் வளர விட்டுப் பின்னர் தடி கொண்டு அடிப்பதில் பயனில்லை. தோளுயரத்தில் வெட்டி வெட்டிப் படர விடுங்கள். வீட்டிலுள்ள பெண்கள் எவரையும் எதிர்பாராமல் நின்ற இடத்திலிருந்தே ஒரு கறிக்குக் கீரை ஒடித்துக்கொள்வர். விலை உச்சத்தில் நின்ற அந்த ஓகஸ்ட்டிலே, யான் மோட்டார் வைத்து வளர்த்ததெல்லாம் கருகிய பின்னரும், எமது சட்டியைக் காலியாக விடாதது, எவரும் ஒரு சொட்டு நீரும் ஊற்றாத இந்த முருங்கைதான்.

பீடைகள் வரும். வராத தோட்டம் இல்லை. எட்டுச் சதுர மீற்றர் நிலத்துக்குப் பீடைநாசினிப் போத்தல் தேவையில்லை, கண்தான் தேவை. ஸுப்ஹுத் தொழுதுவிட்டு இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முட்டைகளையும் புழுக்களையும் கையாலேயே நசுக்கிவிடலாம். கத்தரியின் நுனி வாடித் தொங்கினால் உள்ளே துளைக்கும் புழு இருக்கின்றது. அந்த நுனியை ஓரங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். பாகல், பீர்க்குப் பிஞ்சுகளைப் பழ ஈ குத்துமுன் பழைய கடதாசிப் பையால் கட்டி மூடுங்கள். மிளகாய் இலை சுருண்டால், வேப்பங்கொட்டையை இடித்து ஓரிரவு ஊறவிட்டு, வடித்த நீரை மாலையில் தெளியுங்கள். ஆடு மாட்டைப் பற்றி ஒரு சகோதரர் என்னிடம் நகைச்சுவையாகக் கேட்டார், “ஆடு தின்றாலும் ஸதகா என்று சொன்னீர்களே, பிறகு ஏன் வேலி?” என்று. ஆடு தின்றால் நன்மை உண்டு. அதற்காக வேலியைத் திறந்து வைக்கும்படி எவரும் சொல்லவில்லை. உங்கள் ஆடு அடுத்தவர் பாத்தியில் மேய்ந்தால், அது உங்களுக்கு ஸதகா அன்று, அவருக்கு நீங்கள் ஈடு செய்ய வேண்டிய கடன் என்பதையும் சேர்த்தே விளங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு மரக்கறிக்கு ஸகாத் உண்டா என்றும் கேட்கின்றனர். எமது மத்ஹபில் நெல் போன்று சேமித்துவைக்கக்கூடிய பிரதான உணவுத் தானியங்களுக்கும் பேரீச்சம்பழத்திற்கும் திராட்சைக்குமே விளைச்சல் ஸகாத் கடமையாகின்றது. கத்தரிக்கும் கீரைக்கும் கடமையில்லை. எனவே வேலிக்கு மேலால் நீட்டும் அந்தக் கைப்பிடிக் கீரை முழுவதும் மன விருப்பத்தால் வருவது. கறி சமைத்தால் சாற்றைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி அபூதர் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியதில், அதிகமாக்கச் சொன்னது இறைச்சியையன்று, நீரையே என்பதைக் கவனியுங்கள்.

கடந்த மாரிக்கு முன்னர் அந்தப் பக்கத்து வீட்டுத் தாய் ஒரு சிறிய துணி முடிச்சை உம்மாவிடம் கொடுத்தனுப்பினார். அவிழ்த்துப் பார்த்தால் அடுப்புச் சாம்பலில் புரட்டிய புடோல் விதை. அவருடைய உம்மாவின் காலத்திலிருந்து ஆண்டு தோறும் ஒரு காயை முற்ற விட்டு எடுத்துவரும் விதையாம். நீளமாய் வளராது, கசக்காது, எமது உவருக்கும் நின்று பிடிக்கும் என்றார். ஒக்டோபரில் இரு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியடியில் ஊன்றினோம். பந்தலின் பாதி எங்கள் பக்கமும் பாதி அவர் பக்கமுமாகப் படர்ந்தது. இரண்டு காய்களை முற்ற விட்டு விதையெடுத்து, சாம்பலில் புரட்டிப் போத்தலில் அடைத்து வைத்திருக்கின்றேன். ஜும்ஆவுக்கு வருவோரில் விரும்புவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். ஓகஸ்ட்டுக்கு முன் ஊன்ற வேண்டாம்.